விரல்கள் கற்ற இலக்கணம்



பணியிடத்தில் புதிய தொழில்நுட்பத்துக்குப் பழகுவோர் எதிர்நோக்கும் சிக்கல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் கணினியியல் படித்தவன் அல்லன். தமிழ் மொழியியலில் ஆய்வு செய்து, அதைக் கற்பித்து, ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்தத் தலைப்பை நான் மறுக்கவில்லை. ஓர் அலுவலகத்தில், ஒரு மேசையில், ஒருவருக்கு நேர்ந்த சிக்கலுக்கு நானும் ஒரு காரணம். அதைப் பற்றி நான் இதுவரை மேடையில் பேசியதில்லை. இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2002ஆம் ஆண்டு வாக்கில், இந்நாட்டு அலுவலகம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு நான் பகுதிநேர ஆலோசகராகச் சென்று வந்தேன். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான்கு பேர் கொண்ட சிறிய பிரிவு அது. அவர்களுள் மூத்தவர் ஒரு தட்டச்சர். ஏறத்தாழ 28 ஆண்டுப் பணி அனுபவம் உடையவர். எல்லாரும் அவரை அக்கா என்றே அழைப்பார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னை ஐயா என்பார். கையெழுத்துப் படியைப் பார்த்தபடியே, விசைகளை ஒரு முறையும் நோக்காமல், அவர் ஒரு பக்கத்தை அடித்து முடிப்பதைக் காண்பதே ஓர் இன்பம்.

அவருடைய பணிவாழ்வில் இரண்டு மாற்றங்கள் வந்தன. இவ்விரண்டையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் மாற்றம், தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது. எல்லாரும் அஞ்சிய மாற்றம் அதுதான். அக்கா அதில் சற்றும் தடுமாறவில்லை. திரை, சுட்டி, கோப்பு, அச்சுப்பொறி அனைத்தையும் சில வாரங்களில் கைவசப்படுத்திக்கொண்டார். வெட்டு, ஒட்டு என்ற கட்டளைகளைக் கண்டபோது, "நாங்கள் கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்ததுதானே, ஐயா" என்று சிரித்தார். இரண்டாம் மாற்றம், அதே கணினியில் எழுத்துக் குறியீட்டு முறையும் விசைப்பலகையும் மாறின. வெளியிலிருந்து பார்த்தால் இது சிறிய மாற்றம். மேசை அதேதான், திரையும் அதேதான். ஆனால் அக்கா வீழ்ந்தது இதில்தான்.

ஆகவே, வயது ஏறியவர்கள் கணினியைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்னும் வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது. பெரிய மாற்றத்தைத் தாண்டியவர் சிறிய மாற்றத்தில் ஏன் இடறினார்? எனக்குத் தெரிந்த விடை மொழியியலில்தான் இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். மாணவர்களில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களின் பெயரோடு இணைந்த கருவி அது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. ஆதலால் எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கொரு விசை வைத்தார்கள். சில விசைகளை அழுத்தினால் உருளை நகராது. அவற்றை நகரா விசைகள் என்பார்கள். புள்ளி அத்தகையது. முதலில் புள்ளி தாளில் விழும்; உருளை நின்ற இடத்திலேயே நிற்கும்; அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து பொருந்தும். ஆகவே 'ம்' என்று அடிக்க, முன்னால் புள்ளி, பின்னால் மகரம். 'கொ' என்று அடிக்க, முன்னால் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண்ணுக்கு இடமிருந்து வலமாகத் தெரியும் வரிசையே விரலின் வரிசை.

இது ஓர் இலக்கணம். எழுதப்படாத இலக்கணம், ஆனால் நன்னூலைப் போலவே ஒழுங்குடையது. இருபது, முப்பது ஆண்டுகள் அதை அடித்த ஒருவரிடம், "'கொ' எப்படி அடிப்பீர்கள்?" என்று கேட்டால் அவருக்கு உடனே சொல்லத் தெரியாது, விரலை மேசைமேல் வைத்து அடித்துப் பார்த்துத்தான் சொல்வார். தாய்மொழி பேசுபவரிடம் புணர்ச்சி விதியைக் கேட்டால் எப்படித் திகைப்பாரோ, அப்படி. முதல் மாற்றத்தில் கணினி வந்தபோது, அதில் நிறுவிய மென்பொருள் இந்தப் பழைய விசை வரிசையையே வைத்திருந்தது. பொறிதான் மாறியது, இலக்கணம் மாறவில்லை. அக்கா தடுமாறாததற்குக் காரணம் அதுவே.

இடையில் நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழைக் கணினியில் ஏற்றிய கதையில் நம் வட்டாரத்துக்குப் பெருமையான இடம் உண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழையும் ஏற்றக் காரணமானவர் நம் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1997இல் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக இங்கே, சிங்கப்பூரில்தான் கூடியது. அன்றைய நிலையில் ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. ஓர் அலுவலகத்தில் தட்டிய கடிதம் அடுத்த அலுவலகத்தில் திறந்தால் ஏதோ ஐரோப்பிய மொழி போலத் தலைமேல் கொக்கிகளோடு காட்சி தரும். கடிதத்தோடு எழுத்துருவையும் வட்டில் வைத்துக் கொடுத்தனுப்பிய காலம் அது. இந்தக் குழப்பம் தீர வேண்டியிருந்தது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000இல் இங்கு கூடிய மாநாட்டில் உத்தமம் அமைப்பு பிறந்தது. மெல்ல மெல்ல யூனிகோடு நிலைபெற்றது. இவை அனைத்தும் தேவையான மாற்றங்கள். இன்றும் நான் அவற்றின் பக்கமே நிற்கிறேன்.

தமிழ்99 விசைப்பலகையை முதலில் கண்டபோது ஒரு மொழியியலாளனாக நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதில் 'கொ' வேண்டுமானால் ககரத்தை அடித்து, ஒகர உயிரை அடிக்க வேண்டும். கண் காணும் வரிசை போய், செவி கேட்கும் வரிசை வந்துவிட்டது. உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் அமையும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் சொல்வதை அப்படியே விசையில் வைத்தாற்போல் இருந்தது. ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ஙகரத்துக்குப் பின் ககரம், ணகரத்துக்குப் பின் டகரம், னகரத்துக்குப் பின் றகரம் அடித்தாலும் தானே புள்ளி விழும். மெய்ம்மயக்கம் படித்த எவருக்கும் உடல் சிலிர்க்கும். நானும் சிலிர்த்தேன். அந்த மகிழ்ச்சியோடுதான் அக்காவின் பிரிவுக்குப் பயிற்சிக் குறிப்பு எழுதினேன்.

என் பிழை அங்கேதான் தொடங்கியது. இரண்டு முற்பகல் பயிற்சி நடந்தது. முதல் நாள் நான் தொல்காப்பியம் பேசினேன். இரண்டாம் நாள் விசைப்பலகைப் படத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். "இது தமிழின் இயல்போடு ஒத்தது, மிக எளிது" என்று பல முறை சொன்னேன். அந்த அறையில் வேறோர் இலக்கணத்தில் தேர்ந்த ஒருவர் இருக்கிறார், அவருக்கு இது எளிதாக இருக்க முடியாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. புதியவருக்கு எளிதாக இருப்பது, ஒன்றில் தேர்ந்தவருக்கு இரட்டிப்பு வேலை. அவர் கற்க வேண்டியது பாதி. கற்றதைத் தடுக்க வேண்டியது மீதி.

முதல் வாரம் அவர் அடித்த ஓர் அறிக்கை என்னிடம் வந்தது. 'மரம்' என்ற சொல் வந்த இடமெல்லாம் 'மர்ம' என்று இருந்தது. அக்காவின் விரல் மகரம், ரகரம், புள்ளி, மகரம் என்று பழைய வரிசையில் அடித்திருக்கிறது. பழைய பொறியில் அந்தப் புள்ளி பின்னால் வரும் மகரத்துக்கு உரியது. புதிய முறையில் அது முன்னால் நின்ற ரகரத்தின் தலையில் ஏறிவிட்டது. மரங்களைப் பற்றிய அறிக்கை மர்மக் கதையாகிவிட்டது என்று அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். பணியாளர் பெயர்ப் பட்டியலில் 'லலிதா'க்கள் எல்லாரும் 'ல்லிதா'க்கள் ஆனார்கள். லகரத்தை இரு முறை அடித்ததும் பொறி தானே புள்ளி வைத்துவிட்டது. முதல் லகரத்துக்குப் பின் அகர விசையையும் அடித்தால் அந்தப் புள்ளி விழாது. 'மமதை' என்ற சொல்லுக்கும் இதே கதி. மமதையைப் பொறி ஏற்க மறுத்ததை நான் வேறு வகையில் பாராட்டியிருக்க வேண்டும். அன்று எனக்கே அது கொஞ்சம் இருந்தது.

இத்தகைய பிழைகள் கண்ணில் படும், திருத்திவிடலாம். அக்காவும் இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் திருத்திக்கொண்டார். ஆனால் உதவி கேட்க அவருக்கு இடமே இல்லை என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். நம் நாட்டில் இது தமிழுக்கே உரிய இடர் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவில் இருந்த இளைஞர்கள் நல்லவர்கள். அழைத்தால் உடனே வருவார்கள். ஆனால் அவர்களில் எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. திரையில் 'மர்ம' என்று இருந்தாலும் 'மரம்' என்று இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றே. எழுத்து தெரிகிறது, அச்சாகிறது, ஆகவே பழுது இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா தம் சிக்கலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். புள்ளி இடம் மாறுகிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'டாட் பிராப்ளம்' என்று அவர் சொல்ல, அந்த இளைஞர் திரையில் தூசி இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தாராம். ஒன்றுக்குப் பெயர் இல்லாவிட்டால் அதற்கு உதவி கேட்கவும் முடியாது. சொல்லாக்கம் என்றாலே நாம் பாடநூலையும் அகராதியையும்தான் நினைக்கிறோம். மேசையில் அமர்ந்து தட்டுபவர் தம் இடரைச் சொல்வதற்கு வேண்டிய சொற்களை யாரும் ஆக்கித் தரவில்லை.

இனி, கண்ணில் படாத பிழைக்கு வருகிறேன்.

பிரிவு அப்போது ஒரு சொற்பட்டியலைத் தொகுத்து வந்தது. ஆங்கிலச் சொல்லும் அலுவலகம் ஏற்ற தமிழ்ச் சொல்லுமாகச் சில ஆயிரம் பதிவுகள். தட்டச்சுப் பொறுப்பு அக்காவுடையது. பட்டியல் முடிந்து அகர வரிசைப்படுத்தி, தேடும் வசதியோடு எல்லாருக்கும் வழங்கினார்கள். சில நாள்களில் புகார் வந்தது. 'கௌரவம்' தேடினால் கிடைக்கவில்லை. 'பௌத்தம்' இல்லை. 'மௌனம்' இல்லை. 'ஔடதம்' இல்லை. பிரிவுத் தலைவர் கோப்பில் குறிப்பு எழுதினார்: தட்டச்சரின் கவனக்குறைவால் பதிவுகள் விடுபட்டுள்ளன. அக்கா முதல் அச்சுப்படியைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் அந்தச் சொற்கள் இருந்தன. "நான் அடித்திருக்கிறேன், பாருங்கள்" என்றார். தாளில் இருப்பது கணினியில் இல்லை என்றால், பிறகு அழித்திருப்பீர்கள் என்பதுதான் விடையாக வந்தது. 28 ஆண்டுகளில் முதல் முறையாக அவர் பெயருக்கு நேரே அத்தகைய குறிப்பு ஏறியது. அடுத்த மாதம் அவர் வரவேற்பு முகப்புக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியர்களில் சிலர் இந்நேரம் காரணத்தை ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடிப் பட்டியலைக் கண்ணால் மேய்ந்துகொண்டிருந்தபோது, மெகர வரிசையில், 'மெல்லிசை', 'மெழுகு' போன்ற சொற்களின் அருகே 'மௌனம்' நின்றுகொண்டிருந்தது. மோகரத்துக்குப் பின் நிற்க வேண்டிய சொல் அங்கே எப்படி வந்தது? ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தேன். அது மௌகாரம் அன்று. 'மெ' என்ற எழுத்தும், அதை அடுத்து ளகரமும். பழைய பொறியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கு அக்கா பயன்படுத்தியது ளகர விசையைத்தான். உருவம் ஒன்றே ஆதலால் அதுவே போதும். ஒகரமும் ளகரமும் சேர்ந்தால் ஔகாரம். தாளில் அது குற்றமே இல்லை. எந்த வாசகரும் அதை மெள-னம் என்று படித்ததில்லை. ஆனால் யூனிகோடு முறையில் 'மௌனம்' என்பதற்கு உள்ளே 5 குறிகள். மெகரத்தோடு ளகரம் சேர்த்து அடித்தால் 6 குறிகள். கண்ணுக்கு ஒரே சொல். பொறிக்கு இரண்டு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது.

அப்படி 37 பதிவுகள் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. எல்லாம் வேறிடத்தில் மறைந்திருந்தன.

இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள். புதிய முறை அக்காவிடம் ஒரு விசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. எழுத்து என்றால் என்ன என்ற கருத்தையே மாற்றிக்கொள்ளச் சொன்னது. அவருக்கு எழுத்து என்பது தாளில் விழும் வடிவம். புதிய பொறிக்கு எழுத்து என்பது உள்ளே பதியும் எண். வடிவம் அதன் நிழல். மொழியியல் வகுப்பில் ஒலியன் வேறு, அதன் எழுத்து வடிவம் வேறு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். இந்த ஒரே கருத்தைப் பயிற்சியில் கால் மணி நேரம் சொல்லியிருந்தால் போதும். நான் விசைகளைச் சொன்னேன், கருத்தைச் சொல்லவில்லை.

பிரிவுத் தலைவருக்கு நான் விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். பதிவுகளைத் திருத்தினார்கள். கோப்பில் இருந்த குறிப்பு நீக்கப்பட்டதா என்று கேட்டேன்; அதற்கு மேல் மற்றொரு குறிப்பு சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். முகப்பில் அமர்ந்திருந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். காகிதத்தில் இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டி விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. என் பயிற்சிக் குறிப்பை அவர் இன்னும் வைத்திருந்தார். எடுத்து விரித்து, இடக்கைப் பக்கம் கீழ்மூலையில் இருந்த ஔகார விசையைத் தொட்டுக் காட்டினார். "இதை நான் அன்றைக்கே பார்த்தேன், ஐயா. சேர்த்து அடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதைத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். முகப்பில் கூட்டம் குறைவு, காலுக்கு நல்லது என்றார்.

இது இருபது ஆண்டுக்கு முந்திய கதை என்று நீங்கள் எண்ணலாம். 2020 ஏப்ரலில், பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய வாரங்களை ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது. எனக்குத் தெரிந்த மூத்த ஆசிரியை ஒருவர், வகுப்பில் குரலை உயர்த்தாமலே நாற்பது பிள்ளைகளை ஆளக்கூடியவர், திரைக்கு முன் அமர்ந்தபோது தாம் பேசுவது கேட்கிறதா என்றே தெரியாமல் தவித்தார். அவருக்கு வழிகாட்டிக் கையேடு வந்தது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அதில் எல்லாம் இருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அடுத்த வாக்கியத்தைத் தீர்மானிப்பது அவருடைய இலக்கணம். முகம் தெரியாதபோது எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று கையேட்டில் இல்லை. பயிற்சி தருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்கு என்ன தெரியாது?" என்பதன்று. "இப்போது எப்படிச் செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்பதுதான். அக்காவை ஐந்து நிமிடம் என் முன்னால் அடிக்கச் சொல்லியிருந்தால், ஔகாரத்தை அவர் எப்படிச் சேர்க்கிறார் என்பதை நான் அப்போதே கண்டிருப்பேன்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறீர்கள். சிறிய எல் அடித்தால் லகரம், பெரிய எல் அடித்தால் ளகரம், இசட் அடித்தால் ழகரம். இதுவும் ஓர் இலக்கணம். உங்கள் விரல்கள் அதைக் கற்றுவிட்டன. கைபேசியோ இரண்டு எழுத்து அடித்ததும் சொல்லையே நீட்டுகிறது; லகர ளகர வேறுபாட்டை நீங்கள் தீர்மானிக்கும் முன் அது தீர்மானித்துவிடுகிறது. இது நன்மையா தீமையா என்று இன்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இன்னும் இருபது ஆண்டில் வேறொரு முறை வரும். அன்று உங்களிடமும் யாரோ ஒருவர் படம் ஒன்றைக் கொடுத்து மிக எளிது என்பார். அப்போது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'மௌனம்' என்பதை இரண்டு விதமாகவும் தட்டி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தேடுங்கள். பிறகு உங்கள் பள்ளியின் பழைய வினாத்தாள்களிலும் பெயர்ப் பட்டியல்களிலும் தேடுங்கள். ஔவையார் எத்தனை இடத்தில் ஒகர ளகரமாக ஒளிந்திருக்கிறார் என்பது தெரியும். ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தும்போது, முதலில் தட்டியவரைக் குறை சொல்லாமல் திருத்துங்கள்.

அக்காவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. பண்டிகை நாள்களில் கைபேசியில் வாழ்த்து அனுப்புவார். சென்ற பொங்கலுக்கு வந்த செய்தியில், "சௌக்கியமா, ஐயா?" என்று கேட்டிருந்தார். பழக்கத்தை விட முடியாமல், அந்தச் சொல்லை எடுத்து ஒவ்வொரு குறியாக அழித்துப் பார்த்தேன். சரியான ஔகாரம்தான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தது அவரா, கைபேசியா என்று நான் கேட்கவில்லை. நலமாக இருக்கிறேன், அக்கா என்று மறுமொழி எழுதினேன்.